தண்ணி இல்லாத நாவல்

என் அண்ணிக்குக் கதைப் புத்தகம் என்றால் உயிர். ஆனால் எந்தப் புத்தகத்தையும் நேராகத் திறக்க மாட்டாள். சமையல் மேடை ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்பைத் துடைப்பாள். துடைத்ததையே மறுபடி துடைப்பாள். பிறகு நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் பார்ப்பாள், நடுவில் இரண்டு இடம் புரட்டுவாள், மூடிவிடுவாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். இந்தப் பூனை வந்து வந்து போகும்.

அண்ணியின் தம்பி நண்பர்களோடு கால்வாயில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் படித்த முதல் கதையில் ஒரு பெண் படகிலிருந்து விழுந்தாள். அன்று தையல் கடையில் ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு வந்தாள் அண்ணி. அதோடு படிப்பதை விட்டாள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் படித்தவள், சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்காட்டி என் நெனப்பையேதான் கேட்டுட்டு இருக்கணும். அதுதான்டி தாங்கல" என்றாள் என்னிடம்.

எங்கள் வீட்டில் 'மூழ்கி' என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. அண்ணி அதற்கு வைத்த பெயர் 'தண்ணி'. அவ்வளவுதான்.

நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழியில் இதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. எந்தக் கதையில் நாய் சாகும், எதில் வண்டி கவிழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தமிழ் நாவலுக்கு அப்படி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது ரேடியோ.

ரேடியோ, அண்ணி வேலை செய்யும் கடையில் துணி வெட்டுகிறவர். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். நாங்கள் பிழைக்க வந்த இந்த நகரத்தின் நூலகத்தில் நம் மொழிக்கு இருப்பது ஒரே ஒரு அலமாரி. அதை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்தவர்.

"அண்ணே, இதுல தண்ணி இருக்கா?" என்று அண்ணி கேட்பாள்.

"ஒரு சொட்டு கிடையாது தங்கச்சி. தைரியமா எடுத்துட்டுப் போ."

போனாள். படித்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து புத்தகம். இப்போது கையில் இருந்தது மூன்று அக்காக்களும் ஒரு தம்பியும் ஒரு வீட்டைப் பங்கு போடச் சண்டையிடும் கதை. தனியாகச் சிரித்துக்கொண்டாள். "இந்த நடு அக்கா அப்படியே உங்கம்மாதான்டி, அளந்து வச்ச மாதிரி" என்று என்னையும் வம்புக்கிழுத்தாள். இத்தனை நாள் நல்லபடியாகப் போகிறதே என்றாலே எனக்குப் பயம்.

ஒரு விடுமுறை மாலை ரேடியோ வீட்டுக்கு வந்தார். நீளம் குறைத்த கால்சட்டையை அண்ணன் கையில் கொடுத்தார். டீ வேண்டாம் என்றார். துக்க வீட்டுக்கு வந்தவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. அதை விட்டுடுங்க."

"எதை மச்சான்?"

"எனக்கும் ஒரு காலத்துல பழக்கம் இருந்துச்சு. விட்டுட்டேன்ல? பாவம் அது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'தண்ணி இருக்கா, தண்ணி இருக்கா'ன்னு கேக்குது. கதையிலகூட ஒரு பாட்டிலைப் பார்க்க முடியாத அளவுக்கு நொந்து போயிருக்குன்னா, வீட்டுல நீங்க எவ்வளவு..."

அண்ணனுக்குக் காப்பி குடித்தாலே நெஞ்சு படபடக்கும். அவன் விழித்த விழிப்பில் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பாதியில் நின்றது. அண்ணி வாசற்படியில் நின்றிருந்தாள், படித்த பக்கத்தில் விரலை வைத்தபடி.

"அப்ப இதுல ஆறு இருக்காண்ணே?"

"ஆறு இருக்கே தங்கச்சி, அதுக்கென்ன?" என்றார் ரேடியோ. அண்ணி புத்தகத்தை மேசையில் வைத்தாள். ஈரமே இல்லாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடிப்படியில் வழியனுப்பும்போது அண்ணன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். மறுநாள் கடையில் நடந்ததை அண்ணியே என்னிடம் சொன்னாள்.

"யாரும் சாகல தங்கச்சி. தம்பியை இழுத்துக் கரையில போட்டுடறாங்க. பொழைச்சுக்கறான்" என்றாராம் ரேடியோ.

"பொழைச்சுக்கறானா? அப்ப அதை என்னால படிக்கவே முடியாதுண்ணே."

அவர் புத்தகத்தை வாங்கி, அந்த ஆற்றுப் பக்கங்களை மட்டும் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் ஊசியை ஓட்டினாராம். துணியைத் தைக்கும் முன் நழுவாமல் பிடிக்கப் போடுவார்களே, அந்த ஓட்டுத் தையல். ஒரே இழுப்பில் வந்துவிடும்.

"ஐயோ, நூலகத்துப் புத்தகம்ண்ணே!"

"நூலுக்கு நூல் தப்பில்ல. திருப்பிக் கொடுக்கறப்ப உருவிடலாம்."

அண்ணி அந்தத் தையலைத் தாண்டிக் குதித்து மீதிக் கதையை முடித்துவிட்டாள். "அந்தப் பக்கம் போனா மூத்த அக்கா அவனுக்குச் சோறு போட்டுக்கிட்டே இருக்கா. ஏன் அவ்வளவு சோறுன்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்" என்றாள்.

புத்தகத்தை நாளைக்குத் திருப்பித் தர வேண்டும். கத்தரியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"நீ உருவறியாடி?"

"கொடுங்க அண்ணி."

"இரு, இரு. இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாமான்னு கேட்டுப் பாரேன்."

தொலைபேசி அடித்தது. ரேடியோ. அடுத்த அறைக்கே கேட்கும் குரல்.

"தங்கச்சி, அடுத்தது ரெடி. ஆறு, குளம், கிணறு, கடல் எதுவும் கிடையாது, மழைகூடச் சும்மா தூறல்தான். ஆனா ஒருத்தன் மூணு வேளையும் குடிக்கறான். பரவாயில்லையா?"

"குடிக்கட்டும்ண்ணே, தாராளமாக் குடிக்கட்டும்" என்றாள் அண்ணி.

கத்தரி இன்னும் கையில்தான் இருந்தது.