களத்தில் காய்ந்த மெமரி கார்டு

செல்போன் கடையில் ரிப்பேரைவிட வாக்குவாதம்தான் அதிகம் என்பதை, கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று அவதிப்பட்ட யாரும் ஒப்புக்கொள்வார்கள். மின்னணுவியல் படிக்கும் நான், விடுமுறையில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தோணி அண்ணன் கடையில் நிற்கிறேன்.

நமத்துப் போச்சுங்க

வாழவந்தி கிராமத்துப் பெருமாள் அண்ணன் நீட்டிய மெமரி கார்டில் காப்பித் தோல் ஒட்டியிருந்தது. அவருடைய சில்வர் ஓக் மரத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் வெட்டிவிட்டாராம். மரம் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்தான் நின்றது என்பதற்கு ஒரே சாட்சி, கார்டில் உள்ள போட்டோ. திங்கட்கிழமை தாசில்தார் விசாரணை. போனில் கார்டு திறக்கவில்லை. பனிக்கு நமத்துவிட்டது என்று முடிவுகட்டி, காப்பிக்கொட்டையோடு களத்தில் காயப் போட்டிருக்கிறார்.

கார்டு என்ன முறுக்கா? உள்ளே கோடிக்கணக்கான நுண்ணறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்திருக்கிறது, அதுதான் உங்கள் போட்டோ, சூடு பட்டால் கசிய ஆரம்பிக்கும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

“அப்ப நெழல்ல காயப் போட்டிருக்கோணுமுங்களா கண்ணு?”

சொல்பேச்சு கேட்காதது

நான் நல்ல கார்டு ரீடரைத் தேடுவதற்குள் அந்தோணி அண்ணன் கடைக் கம்ப்யூட்டரில் கார்டைச் செருகி ஃபார்மட்டை அழுத்திவிட்டார். எந்த நோய்க்கும் அவரிடம் அது ஒன்றுதான் மருந்து. நான் கத்தினேன். நல்லவேளை, கார்டு அழிய மறுத்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி மறுத்தது. “செத்துப் போச்சுங்க, புதுசு போட்டுக்கங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழித்து எழுத எழுத அறைச்சுவர்கள் தேயும். மாற்றுக்கு வைத்திருக்கும் அறைகளும் தீர்ந்ததும், சில கார்டுகள் எழுதுவதற்குக் கதவடைத்துவிட்டு, படிக்க மட்டும் விடும். சாகவில்லை, இருப்பதைக் காக்கிறது என்றேன்.

“மொதலாளி சொல்றதக் கேக்காம எதுத்து நிக்குது. அப்படியே உன்னாட்ட சாமி!” என்றார் அந்தோணி அண்ணன்.

வந்தது போட்டோ

வேறு ரீடரில் மெதுவாக நகலெடுத்தேன். எழுதும்போதே கூடச் சேர்த்து வைத்த சரிபார்ப்புக் குறிப்புகளை வைத்து, கசிந்ததைக் கார்டே திருத்திக்கொண்டது. களத்து வெயிலையும் முதலாளியையும் தாண்டி போட்டோ முழுசாக வந்தது. மரம் தெளிவு. எல்லைக்கல் தெளிவு. மரம் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றதும் தெளிவு.

பெருமாள் அண்ணன் மௌஸை வாங்கிப் பெரிதாக்கினார். மரம் நகரவில்லை. பிறகு முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார்.

“பாத்தயா கண்ணு, கல்ல அப்பவே நவுத்தி வெச்சுப்புட்டான்!”

ஒரு போட்டோவை எப்படியெல்லாம் காப்பாற்றலாம் என்று பல்கலைக்கழகத்தில் செமஸ்டர் முழுக்கச் சொல்லித் தருகிறார்கள், காப்பாற்றியதை ஒப்புக்கொள்ள வைப்பது எப்படி என்பதற்குத்தான் இன்னும் பாடத்திட்டம் வரவில்லை.