ஓடைக்கு அந்தப் பக்கம்

சத்தியப்பிரியாவுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. வாக்கப்பட்டு வந்த பள்ளத்தூரில் டீ குடித்தால்கூட ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றபடிதான். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் தொழில். போன் வந்தால் எந்த ஊருக்கும் கிளம்பிவிடுவாள். ஓடைக்கு வடக்கே இருந்த கோவிலூரணிக்கு மட்டும் போனதில்லை.

அந்த ஓடைதான் ஒரு காலத்தில் சிவகங்கைச் சீமைக்கும் புதுக்கோட்டைச் சீமைக்கும் எல்லை. அவள் பிறந்த ஊரான சூரன்பட்டியில் இருந்த பாட்டன்மார் இருட்டோடு ஓடை தாண்டி, கோவிலூரணி மாடுகளை ஓட்டி வந்துவிடுவார்கள். துரத்தி வரும் சேவகர்கள் எல்லையோடு நின்றுவிட வேண்டியதுதான். பிறகு மாட்டுக்காரன் துப்புக்கூலி கொடுத்தால், மாடு கட்டியிருக்கும் இடம் அவனுக்குச் சொல்லப்படும். ஒருமுறை கூலியோடு வந்தவனையே வெட்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து சூரன்பட்டிக்காரர்களுக்குக் கோவிலூரணியில் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதில்லை. சீமைகள் போய்விட்டன, அந்த வழக்கம் போகவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் கோவிலூரணியிலிருந்து காளியம்மாள் என்பவள் போன் செய்தாள். பசுவுக்கு வலி எடுத்து வெகுநேரம் ஆகியும் கன்று வெளியே வரவில்லை, டாக்டர் வெளியூரில் இருக்கிறார். "வாரேன்" என்று சொல்லிவிட்டு சத்தியப்பிரியா கிளம்பாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"ஊரைக் கேட்டா பள்ளத்தூருன்னு சொல்லிரு," என்றான் புருஷன் ரவிக்குமார்.

தொழுவத்தில் நுழைந்ததுமே காளியம்மாள் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "சூரன்பட்டி."

காளியம்மாளின் முகம் மாறியது. "எங்க வீட்டு ஆளைத்தான் வெட்டுனீக."

"தெரியும். போகச் சொன்னா போயிடுறேன். ஆனா கன்னு தாங்காது."

பசு முனகியது. காளியம்மாள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

கன்றின் முன்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. சத்தியப்பிரியா அதை நீவி நிமிர்த்தி இழுப்பதற்குள் தோள்பட்டை மரத்துப்போனது. ஈரமாக விழுந்த கன்று தலையை உதறியது. காளியம்மாள் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். குடிக்கக் கொடுக்கவில்லை. இவளும் கேட்கவில்லை. வறண்ட தொண்டையோடு ஓடை தாண்டினாள்.

மறுநாள் காலையில் மறுபடியும் போன். "நஞ்சுக்கொடி இன்னும் விழல. வாரீகளா?"

ஓடைக்கரையில் காளியம்மாளின் புருஷன் பாண்டியராஜன் பைக்கோடு நின்றிருந்தான்.

"நேத்து நீங்க வந்துட்டுப் போனது ஊருக்குள்ள தெரிஞ்சுபோச்சு. யாராச்சும் மறிப்பாக. நான் முன்னால போறேன், பின்னாலயே வாங்க."

அவள் வண்டியை அவன் பின்னால் விட்டாள்.