படத்துக்கு நாலாவது ஆள்

அப்பா நாளைக்குக் கத்தாருக்குத் திரும்பிப் போகிறார். கையோடு ஒரு குடும்பப் படம் வேணுமாம். அதற்காகத்தான் இந்த வெயிலில் எல்லாரும் வெளிச்சவீடு பார்க்கப் போனோம்.

நாங்கள் நாலு பேர். படம் எடுக்கிறவன் நான். மிச்சம் மூன்று.

"மூணு பேரா நிண்டு படம் எடுக்கப்படாது. பிரிவு வரும்" என்றா அம்மா.

"நாளைக்கு அப்பா பிளேன் ஏறுறாரே, அதுக்குப் பேர் என்னம்மா?"

அக்கா கிள்ளினாள்.

செல்பியில் வெளிச்சவீடு முழுசாக விழாது. புதுப் போனை வேறு ஆளிடம் கொடுக்க அப்பாவுக்குத் துணிவில்லை. அதனால் வாவிக்கரையில் வறுத்த கச்சான் கடலை விற்ற அண்ணனைக் கூப்பிட்டு நாலாவது ஆளாக நிறுத்தினோம்.

இரண்டு மணித்தியாலம். அப்பா கண்ணை மூடினார், அக்கா முடியை ஒதுக்கினாள். கச்சான் அண்ணன் மட்டும் எல்லாப் படத்திலும் கலியாண மாப்பிள்ளை மாதிரிச் சிரிக்கிறார்.

கடைசியில் அவரே பாவம் பார்த்து, "தம்பி, நீயும் போய் நில்லு, நான் எடுக்கிறன்" என்றார். அப்பா அரை மனசோடு போனை நீட்டினார். அந்தப் படத்தில் நாலு பேரும் இருக்கிறோம், கருவாடு மாதிரிக் காய்ந்துபோய்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அப்பா போன் முகப்பில் போட்டிருப்பது கச்சான் அண்ணன் நிற்கிற படம்.

"இதுலதான் உங்கம்மா சிரிக்கிறா."

"கத்தார்ல இவர் ஆரெண்டு கேட்டா?"

"மச்சான் எண்டு சொல்லுவன்."

ஆக, நாளையிலிருந்து அப்பாவோடு இருக்கப்போவது நானில்லை, கச்சான் மாமா. உங்கள் வீட்டுப் படத்தில் யார் நிற்கிறார்கள்? சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.