யொட் நிஸ்தார் முதலாளியின் ஜனாஸா

நிஸ்தார் முதலாளி மௌத்தாகிவிட்டார்.

காலையில் பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்க்கிறேன், பள்ளிவாசல் ஸ்பீக்கரில் மரண அறிவித்தலில் அவர் பெயரைச் சொல்கிறார்கள். இந்த மனிதன் என்னை ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை. இன்றைக்கும் விடவில்லை...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வட்டி இல்லை, லாபத்தில் பங்கு என்று கற்பிட்டியில் பினான்ஸ் கம்பனி நடத்தியவர். வெள்ளை யொட், அதாவது பணக்காரர்கள் உல்லாசமாக ஓட்டுகிற பாய்க்கப்பல், வைத்திருந்தவர். பிறகு கம்பனி கவிழ்ந்து, பேப்பரில் படம் வந்து, ரிமாண்டில் இருந்தவர். அவரேதான்.

அந்த யொட் இருக்கிறதே! பாயை விரித்தால் புத்தளம் மாவட்டத்தில் பாதிக்கு நிழல் விழும்.

முதல் ஓட்டத்துக்கு ஊரையே கூப்பிட்டுப் புரியாணி போட்டார். எந்த நாட்டுக் கடற்படைத் தளபதிக்கும் இல்லாத அளவு தங்கப் பட்டன் வைத்த வெள்ளைக் கோட்டு வேறு. போட் என்ஜின் திருத்துகிறவன் என்பதால், அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டார்.

யொட்டின் அடியில் கத்தி மாதிரி ஓர் இரும்புப் பலகை, ஆளுயரத்துக்கு இறங்கியிருந்தது. பார்த்த உடனே சொன்னேன். "முதலாளி, இது களப்பு. நடுவில இறங்கினாலும் கன இடத்தில இடுப்பளவுதான் தண்ணி. இது தரை தட்டும்."

"நீங்க மோட்டரைப் பாருங்க காக்கா. கடலை நான் பாக்கிறேன்."

பார்த்தார். உச்சமுனைத் தீவுக்கு இந்தப் பக்கமே மணலில் குத்தி நின்றது.

நண்டு வலை போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் தண்ணீரில் நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டார். "என்ன முதலாளி, கப்பலை இங்கயே நட்டுட்டீங்க? எப்ப காய்க்கும்?"

அவர்கள் கயிறு கட்டி இழுக்க, இவர் மேலே நின்று ஸலூட் அடித்தார். கரையில் நின்ற சனம், யொட் ஓட்டுவது இப்படித்தான் என்று நினைத்துக் கை தட்டியது.

அடுத்த வாரம் காசு போட அவருடைய ஒபிஸ் வாசலில் லைன்... கப்பல் வைத்திருக்கிற மனிதன் ஏமாற்றுவானா என்பது ஊரின் நினைப்பு. என் நினைப்பும் அதுதான். தரை தட்டியதைக் கண்ணால் பார்த்த நானும்!

என் தங்கச்சி சபூரா ஹஜ்ஜுக்காகக் காசு சேர்த்தவள். அவள் தையல் மெஷின் மிதித்த தூரத்துக்கு நடந்தே மக்காவுக்குப் போய் வந்திருக்கலாம். அவளைக் கையைப் பிடித்து அந்த ஒபிஸுக்குக் கூட்டிப்போனது நான்.

முதலாளி எழும்பி அவளுக்குத் தன் கதிரையைக் கொடுத்தார். "ராத்தா, அடுத்த வருஷம் நீங்க மக்காவில நின்டு எனக்கு துஆ கேப்பீங்க."

அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. அவள் காசு யொட்டுக்குப் பாயாகவும் கொழும்பில் மாடியாகவும் போனதென்று கோர்ட்ஸில்தான் தெரிந்தது.

ரிமாண்டிலிருந்து வந்த பிறகு வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருப்பார் என்று பார்த்தால்... பின்னேரம் பின்னேரம் என் கராஜுக்கு வந்து உட்காருவார். "புதுசா ஒரு கம்பனி போடுவோம் காக்கா" என்பார். திட்டித் திட்டி எனக்குப் பிரஷர் ஏறி, விழுங்குகிற குளிசை கூடியது. அவர் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்பார்!

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மௌத்தானவரின் பிள்ளைகளில் ஒருவர் எழும்பி, இவர் யாருக்காவது கொடுக்க இருந்தால் சொல்லுங்கள், இல்லையேல் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது நம் வழக்கம். கடனோடு போகிறவனுக்கு மறுமையில் கஷ்டம் என்பது நம்பிக்கை. மற்ற ஜனாஸாக்களில் பொறுத்துக்கொண்டோம் என்ற அர்த்தத்தில் "ஹலால், ஹலால்" என்று முணுமுணுத்துவிட்டு வரிசையில் நின்றுவிடுவோம்.

முதலாளியின் மகன் எழும்பினான். த்ரீவீல் ஓட்டுகிற பிள்ளை. "வாப்பா குடுக்க வேண்டிய ஆக்கள் இங்க நிறையப் பேர் இரிக்கிறீங்க. என்னால எல்லாருக்கும் குடுக்க ஏலாது. ஏலுமெண்டா மன்னிச்சிடுங்க..."

ஒருவரும் ஹலால் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்; அவர் பின்னேரம் பின்னேரம் வந்து உட்கார்ந்தது என் கராஜில்தானே. நான் என்ன செய்ய? அது என் காசில்லையே! வெளியே ஓடிப்போய் சபூராவுக்கு கோல் எடுத்தேன். உலகம் உண்டான நாளிலிருந்து ஒரு ஜனாஸாவைக் காக்கவைத்துப் போன் பேசியவன் நானாகத்தான் இருப்பேன்.

"சபூரா, மன்னிக்கச் செல்லிக் கேக்கிறாங்க. என்ன செல்ல?"

"மன்னிச்சிட்டேன் எண்டு செல்லுங்க."

"யோசிச்சுத்தானா செல்றாய்? உன்ட ஹஜ்..."

"மௌத்தான ஆளோட எனக்கென்ன கோவம் காக்கா? என்னைக் கூட்டிட்டுப் போனது நீங்க. உங்களைத்தான் இன்னும் மன்னிக்கல்ல."

போனை வைத்துவிட்டாள்.

உள்ளே வந்து, "என்ட தங்கச்சி சபூரா மன்னிச்சிட்டா" என்று சத்தமாகச் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர் "நானும்" என்றார். பிறகு இன்னும் சிலர். இரண்டு பேர் எழும்பி வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்களை யாரும் மறிக்கவில்லை.

முதலாளி, அல்லாஹ் உங்கள் பிழைகளைப் பொறுக்கட்டும். கபுரிலாவது யாரோடும் பிஸ்னஸ் கதைக்காமல் படுங்கள்.

நான் சபூரா வீட்டுக்குப் போகிறேன்.