இடதுகால் கள்ளன்

எங்கள் வீட்டுக்கு வந்த நாயை முதல் நாளிலிருந்தே நான் நம்பவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில் ரோவில் என்ற எங்கள் புறநகர் அப்போது பாதி வீடுகளும் பாதி குதிரை மேயும் புல்வெளிகளுமாகக் கிடந்தது. தெருவில் திரியும் நாய்களைப் பிடித்து அடைத்துவைக்கும் பவுண்டிலிருந்து அப்பா அதைக் கூட்டிவந்தார். நல்ல கறுப்பு. ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். நாங்கள் விட்டுவந்த ஊரில் அப்பா வளர்த்த நாய்களுக்கெல்லாம் பிறவுணி, அதாவது மண்ணிறத்தான், என்றுதான் பெயராம், ஆகவே இதுவும் பிறவுணி ஆனது. நிறத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

எனக்குப் பத்து வயது. நூலகத்தில் இருந்த துப்பறியும் கதைகள் அத்தனையையும் முடித்துவிட்டு, துப்பறிய ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை. பிறவுணி வந்த அன்றே ஒரு புதுக் கொப்பி திறந்தேன். பவுண்டுக்காரர் சொன்னதை முதல் பக்கத்தில் எழுதினேன்: வீட்டுக்காரர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள், நாய் எட்டு நாள் வெறும் வீட்டு வாசலிலேயே இருந்தது. அதற்குக் கீழே, ‘ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? இது என்ன குற்றம் செய்தது?’ என்று எழுதிக் கோடும் போட்டேன்.

அதன் போக்கும் சந்தேகத்தைக் கூட்டியது. யாராவது பக்கத்தில் நின்றால்தான் சாப்பிடும். பாண் துண்டைத் திரும்பியும் பார்க்காது, இடியப்பம் என்றால் தட்டோடு தூக்கும். நாம் பேசத் தொடங்கினால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும், நிமிர்ந்த காதை மட்டும் நம் பக்கம் திருப்பி வைத்திருக்கும். தபால்காரரை வாலாட்டி வரவேற்கும். கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்த சூட்கேசைக் கண்டால் குரைக்கும்.

இதையெல்லாம் பொறுத்திருக்கலாம். சப்பாத்து விஷயம்தான் பொறுக்க முடியாததாகப் போயிற்று. சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகும் வீடு அந்தத் தெருவில் எங்களுடையது ஒன்றுதான். ஒரு கள்ளனுக்கு அதைவிட வசதி வேண்டுமா? காலையில் அப்பா புறப்படும்போது ஒரு சப்பாத்தைக் காணாது. எப்போதும் இடதுகால்தான். பிறவுணி அதைக் கடிக்காது, கிழிக்காது. பின்வளவு எலுமிச்சை மரத்தடியில் வைத்து, அதன்மேல் தாடையை ஊன்றிப் படுத்திருக்கும். சப்பாத்தை உள்ளே வைத்தாலென்ன என்று ஒருமுறை கேட்டேன். அம்மா பார்த்த பார்வையில் கேள்வியை விழுங்கிவிட்டேன்.

அப்பா தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரே கிழமையில் மூன்று நாள் பிந்திப் போனதில் மேலாளர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பின்னேரம் வந்ததும் வராததுமாகத் தீர்ப்புச் சொன்னார்.

“இன்னும் ஒண்டு துலைஞ்சால், கொண்டுபோய் விட்டிடுவன்.”

பவுண்டுக்கு இரண்டாம் முறை வருகிற நாயை அங்கே கனநாள் உயிரோடு வைத்திருப்பதில்லை. அதுவும் என் கொப்பியில் இருந்தது. சந்தேகிப்பது வேறு, சாகக் கொடுப்பது வேறு. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்ரியும் அங்கிளும் வந்தார்கள். சொந்தக்காரர் இல்லை, எங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்க் குடும்பம். நகரத்தின் மற்ற அந்தத்தில், கிரெய்கிபர்ன் பக்கம், ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம். மாதத்தில் ஒருமுறை வருவார்கள். நாலு மணி அடித்ததும் அங்கிள் எழும்பிவிடுவார். அவர்கள் வருவதற்கு முதல் நாளே அம்மா பாட்டு முணுமுணுப்பார், போன பிறகு இரண்டு நாள் பேசமாட்டார். இதையும் எழுதி வைத்திருந்தேன், ‘தொடர்பில்லாத குறிப்புகள்’ என்ற பக்கத்தில்.

நான் முந்திக்கொண்டேன். பிறவுணியைக் கயிற்றில் கட்டி, மறுமுனையை என் கையில் சுற்றிக்கொண்டு, மத்தியானம் முழுக்கப் புல்வெளி வேலியோரம் திரிந்தேன். நாலு மணிக்குத் திரும்பினால் வாசலில் அமளி. அன்ரியின் செருப்பில் ஒன்றைக் காணவில்லை.

“நாய் என்னோடதான் நிண்டது!” என்று கத்தினேன்.

“நீ அதுக்காகப் பொய்யும் சொல்லுவாய்,” என்றார் அப்பா.

தனியாகக் கிடந்த செருப்பைக் குனிந்து பார்த்தேன். இடதுகால் அங்கேயே இருந்தது. போனது வலதுகால். எனக்குப் புல்லரித்தது. இது வேறு கள்ளன்!

அப்பாவும் அங்கிளும் வளவெல்லாம் தேடினார்கள். அம்மா மட்டும் தேடவில்லை. “தேடி முடியுமட்டும் ஒரு தேத்தண்ணி குடியுங்கோவன்,” என்றார். தேத்தண்ணி முடிந்தது. “இருட்டிப்போச்சு, புட்டு அவிக்கிறன், சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்றார். அன்ரி குசினிக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர்க்கதை சொல்ல, அம்மா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கள்ளன் பிடிபடாத வீட்டில் இவ்வளவு சந்தோஷமா?

அன்ரி கைகழுவப் போன நேரம் பார்த்துக் குசினிக்குள் நுழைந்தேன். அடுப்பின் கீழே கேக் சுடுவதற்கென்று கதவு வைத்த போறணை ஒன்று இருந்தது. நாங்கள் அதில் கேக் சுட்டதேயில்லை. பொரிக்கிற தாச்சியும் தோசைக்கல்லும் அடுக்கிவைக்கும் அலுமாரி அது. கதவில் கை வைத்தேன்.

“அங்க ஒண்டுமில்லைப் பிள்ளை, வெளியில போய்த் தேடு.” அம்மாவின் குரலில் ஓர் அவசரம் இருந்தது.

திறந்தேன். பெரிய தாச்சிக்குள், செய்தித்தாளில் சுற்றியபடி, செருப்பு வார் எட்டிப் பார்த்தது.

அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார். நான் வாசித்த கதை ஒன்றிலும் எந்தத் துப்பறிவாளரும் செய்யாத காரியத்தைச் செய்தேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டேன்.

அப்போதுதான் அப்பா பிறவுணியைக் கயிற்றோடு உள்ளே கொண்டுவந்தார். “இண்டைக்கு உதில கட்டிவிடுறன். காலமை காரில ஏத்துவம்.” பின்னாலேயே அங்கிளும் அன்ரியும் வந்து நின்றார்கள். பிறவுணி குரைக்கவில்லை, இழுக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு காதை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டது. நான் வாயைத் திறந்தால் அம்மா அகப்படுவார், மூடினால் நாய் போய்விடும்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். போறணையைத் திறந்து, தாச்சியோடு செருப்பைத் தூக்கி அன்ரியிடம் நீட்டினார்.

“நாயில்லை. நான்தான்.”

அங்கிள் அப்பாவைப் பார்த்தார், அப்பா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். அன்ரி செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல காலம், பொரிக்க முதல் சொன்னீங்கள்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ ஆத்திரம். நாய்க்கு மட்டும் அத்தனை பெரிய தீர்ப்பு, அம்மாவிடம் ஏன் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை! அப்பா கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அடுத்த மாதம், நாலு மணி. அங்கிள் எழும்பினார்.

“ஐயோ, என்ர செருப்பைக் காணேல்லை,” என்றார் அன்ரி, கதிரையை விட்டு அசையாமலே. “உந்தப் பிறவுணிதான். இனியென்ன, இன்னொரு தேத்தண்ணி போடுங்கோ.”

பிறவுணி என் காலடியில் நித்திரை. அன்ரியின் கைப்பை மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு வார் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார். நான் பார்க்க, அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, “பொல்லாத நாய்,” என்று சொல்லி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

கொப்பியை எடுத்து எழுதினேன்: ‘அம்மா, அன்ரி, அப்பா மூன்று பேரும் கூட்டு. காரணம் தெரியாது.’ வெறும் வாசலில் எட்டு நாள் இருந்த நாய் முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டு நாள் பேசாத அம்மா நடுவில், ‘தொடர்பில்லாத குறிப்புகள்’ பக்கத்தில் இருந்தார். இரண்டும் என் கையெழுத்துத்தான். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.