ரெண்டு நாலு வளையல்

ஸ்பிரிட் விளக்கு வாசனை… அது மேல டெஸ்ட் டியூப்ல சூடாகுற மூத்திர வாசனை. என் முதல் வேலையோட வாசனை இதுதான். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிச்சுக்கோங்க.

கோலார் தங்க வயல், அதான் கேஜிஎஃப்ல, எழுபதுகளோட ஆரம்பம். எனக்கு இருபத்திரண்டு வயசு. ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவுக்கு உதவியா இருந்தேன். அந்தம்மா ஒரு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க. மாசமா இருக்கிறவங்களுக்கு பிரஷர் ஏறி, உடம்பு வீங்கி, கடைசியில வலிப்பு வருதே, அது ஏன்? ரெட்டைப் புள்ள சுமக்கிறவங்களுக்கு ஏன் இன்னும் அதிகமா வருது? அப்ப அதுக்கு டாக்ஸீமியான்னு பேரு. இப்ப ப்ரீஎக்லாம்ப்சியான்னு சொல்றாங்க.

மூத்திரத்தைச் சூடு பண்ணிப் பாக்கிறது என் வேலை. தெளிவா இருந்தா ரிஜிஸ்டர்ல 'நில்'னு, அதாவது புரோட்டீன் ஒண்ணும் இல்லன்னு எழுதணும். கஞ்சித் தண்ணி மாதிரி வெளுத்துப்போச்சுன்னா ஓடிப்போய் டாக்டரம்மாகிட்ட சொல்லணும். அன்னிக்கே பெட்ல சேத்துடுவாங்க.

திங்கக்கிழமைன்னா மைன்ஸ் தொழிலாளிங்க இருக்கிற லைன் வீடுகள்லேருந்து டானிக் பாட்டில்ல மூத்திரம் வரும். எல்லாரும் வர மாட்டாங்க. லைனுக்கு ஒருத்தர், அத்தனை பாட்டிலையும் கூடையில அடுக்கி, மேல துணி மூடி, பூ கொண்டு வர்ற மாதிரி கொண்டு வருவாங்க. பேர் ஒட்டியிருக்கும். நிஜமா அவங்களோடதுதானான்னு நாங்க கேட்டதே இல்ல… கேக்கவும் தோணல.

கனகுன்னு ஒரு பொண்ணு. இருபது வயசு, ஒம்பதாம் மாசம். வயித்தைத் தடவிப் பாத்தே ரெட்டைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. புருஷனுக்கு அண்டர்கிரவுண்ட்ல வேலை. அந்தத் திங்கக்கிழமை அவ பாட்டில் பச்சத் தண்ணியாட்டம் தெளிவு. 'நில்'னு எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. எங்கப்பாவுக்கு ராபர்ட்சன்பேட்டை பஜார்ல வளையல் கடை. வளைகாப்பு வீட்டுக்கு வளையல் எடுத்துட்டுப் போய், நாங்களே போட்டு விடறது வழக்கம். அன்னிக்கு அப்பாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில லீவு சொல்லிட்டு நான் போனேன்.

கனகு வளையல் சைஸ் ரெண்டு நாலு. போன மாசம்தான் கடையில நானே போட்டு விட்டேன், லூசா சுத்துச்சு. அன்னிக்கு ரெண்டு நாலு ஏறல. ரெண்டு ஆறும் ஏறல. சோப்பு போட்டு ரெண்டு எட்டைத் தள்ளினேன்… உடைஞ்சுபோச்சு.

யாரோ சிரிச்சு சமாளிச்சாங்க. "ரெண்டு புள்ள சுமக்கறா, கை பெருக்காதா இன்னா?"

மணிக்கட்டுக்கு மேல அழுத்திப் பாத்தேன். என் கட்டை விரல் பதிஞ்ச குழி அப்படியே நின்னுச்சு. அதுக்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளல. அவ காதுகிட்ட குனிஞ்சேன்.

"கனகு, தலை வலிக்குதா?"

"மூணு நாளா வலிக்குதுக்கா. கண்ணு முன்னால பூச்சி பறக்குது."

"திங்கக்கெழமை குடுத்தனுப்பினது உன்னுதுதானா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "நாத்தனாரோடதுக்கா. என்னுது வெளுத்துட்டா பெட்ல போட்ருவாங்க இல்ல? வேலூர்ல சொந்தக்காரங்க அல்லாருக்கும் சொல்லியாச்சு… வளைகாப்பு முடியட்டும்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துல அவளை ரெண்டு அறை விடலாம்னு இருந்துச்சு. எழுந்து, ஆஸ்பத்திரிக்கு இப்பவே கிளம்பணும்னு சொன்னேன்.

மாமியார் வாசல்ல மறிச்சாங்க. "ஆரத்தி எடுக்காம புள்ளத்தாச்சி படி தாண்டலாமா? இன்னாம்மா, நீ வளையல் போட வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான். ஆரத்தியை ஜட்காவுல வெச்சு எடுங்க."

நிஜமாவே தட்டோட ஏறிட்டாங்க அந்தம்மா. இன்னிக்கு நினைச்சா சிரிப்பு வருது, அன்னிக்கு வரல. குதிரை என்னமோ ஊர்வலம் போற நினைப்புல நடந்துச்சு. குதிச்சு முன்னாடி ஓடிடலாமான்னு துடிச்சேன்… கனகு என் கையை விடல.

ஆஸ்பத்திரி வாசல்லயே வலிப்பு வந்துடுச்சு.

கனகு பொழைச்சா. பையன் பொழைச்சான். ரெண்டாவதா வந்த பொண்ணு அழவே இல்ல.

மறுநாள் ரிஜிஸ்டரை எடுத்து அந்த 'நில்'லை அடிக்கப் போனேன். திங்கக்கிழமையே தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணும் இருந்திருக்கும்னு தோணுச்சு. இன்னிக்கும் தோணுது.

டாக்டரம்மா பேனாவைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அடிக்காதே. பக்கத்துல எழுது, இது வேற ஒருத்தரோடதுன்னு. இந்த மாதிரி இன்னும் எத்தனை 'நில்' இருக்கோ, நமக்குத் தெரியாது."

ரெண்டு வருஷ ரிஜிஸ்டரை மூடி வெச்சுட்டு, அடுத்த திங்கக்கிழமை புது நோட்டுல முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு கட்டம் கூடுதலா இருந்துச்சு… 'நேர்ல குடுத்ததா?' கூடை அதோட நின்னுபோச்சு. காலையில பாட்டில் வாங்க லைன் லைனா நான் நடந்தேன். கடைசியில இன்னொரு கட்டத்தை நானா போட்டுக்கிட்டேன், வளையல் சைஸுக்கு. டாக்டரம்மா பாத்துட்டு அப்படியே விட்டுட்டாங்க.

இப்ப என் சின்ன மருமக பெங்களூர்ல மாசமா இருக்கா. ரெட்டை. ஸ்கேன்ல புள்ளைங்க மூக்கைக்கூட பாத்தாச்சு. வீட்லயே பிரஷர் மிஷின், ரிப்போர்ட் நேரா போனுக்கே வந்துடுது. அப்ப ஏது இதெல்லாம்… ஒரு விளக்கு, ஒரு டியூப், அவ்வளவுதான். கனகுக்கு இதுல பாதி கிடைச்சிருக்கக் கூடாதான்னு இருக்கும்.

"அத்தை, ஆல் நார்மல்"னு மெசேஜ் அனுப்புவா. அந்த வார்த்தையைப் பாத்ததும் எனக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது. மறுநாள் காலை ரயிலைப் பிடிச்சுடுவேன்.

போன வாரமும் போனேன். கதவைத் திறந்தவ கையை அங்கேயே பிடிச்சு, ரெண்டு நாலு வளையலை மாட்டினேன்.

"எதுக்கு அத்தை வாராவாரம் இதே வளையலைக் கொண்டு வர்றீங்க?"

வளையலைச் சுத்திப் பாத்தேன். லூசா சுத்துச்சு.

அப்புறம்தான் தோள்ல இருந்த பையை இறக்கி வெச்சேன்.