கல்லுக்கீரை என்று நான் வைத்த பெயர்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் படிக்க வேண்டும். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்பது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரன். துரைக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். நானும் என் மனைவியும் பங்களாவுக்குப் பின்புறம் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். வேலை போனால் அறையும் போகும். இது நடந்த பங்குனியில் அவளுக்கு ஏழாம் மாதம்.

அந்த இடத்தில் தோட்டம் போடுவது லேசான காரியமில்லை. கீழே உப்பு மணல், மேலே துறைமுகத்திலிருந்து பறந்து வரும் கரித்தூள். புல் வைத்தால் பங்குனி வருவதற்குள் கருகிவிடும். ஒரு கோடைக்கு மலைக்குப் போய்த் திரும்பிய துரைசானி, தட்டையான மரப்பெட்டி ஒன்றில் ஈரப்பாசி சுற்றிச் சின்னச் சின்னச் செடிகள் கொண்டுவந்தார்கள். இலை ஒவ்வொன்றும் நெல்மணி பருமன், நசுக்கினால் தண்ணீர். ஐந்து தினுசில் மூன்று எங்கள் புழுக்கத்தில் அழுகிப்போயின. இரண்டு பிழைத்தன.

துரைசானிக்குத் தமிழ் வராது. எனக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் பட்லர். துரைசானி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் என்னிடம், "இது கல்லுல வளர்ற பயிராம்பா. எட்டு நாளைக்கு ஒரு தபா தண்ணி. அதுக்கு மேல வுட்டியோ, அழுவிப்பூடும். அப்பால உன் சீட்டு கிழிஞ்சிடும்" என்றார்.

அதன் இங்கிலீஷ் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. பார்ப்பதற்குப் பருப்புக்கீரையின் தம்பி போல் இருந்தது. கல்லுக்கீரை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

மணலை ஒரு சாண் எடுத்துவிட்டு, உடைத்த செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொட்டி, மேலே கொஞ்சம் மண் தூவினேன். செடியைக் கிள்ளிக் கிள்ளி ஊன்றினேன். வேர்கூட வேண்டாம். கிள்ளிப் போட்ட துண்டு தானே வேர் பிடித்தது. ஐப்பசி மழைக்கு மேலே கீற்று கட்டினேன். ஈரத்துணியால் கரித்தூளைத் துடைத்தேன். மாசியில் நடைபாதையின் இருபுறமும் ஜமக்காளம் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. புன்னை நிழலில் பச்சை, வெயிலில் வெற்றிலைச் சாறு போலச் சிவப்பு, நடுவில் மஞ்சள் பூ. தெருவில் போகிற வண்டிக்காரன்கூட நின்று பார்த்தான்.

ஒரு துண்டு போதும், ஒரு பாத்தியே வளர்ந்துவிடும் என்பதுதான் அதிலிருந்த வில்லங்கம். ராயபுரத்திலேயே தன்னிடம் மட்டும்தான் இது இருக்க வேண்டும் என்பது துரைசானியின் ஆசை. தோட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கிளை, பதியன் கைமாற்றிக்கொள்வது ஊரறிந்த விஷயம். அதனால், ஒரு கிள்ளு வெளியே போனாலும் பொறுப்பு என் தலையில் என்று பட்லர் மூலம் சொல்லிவைத்தார்கள்.

பங்குனி முதல் வாரம் ஒரு காலை, பாத்தியின் ஓரம் மொட்டையாக இருந்தது. ஆடு மேய்ந்திருந்தால் வேரோடு வந்திருக்கும். கோழி என்றால் மண் கிளறியிருக்கும். இது நகத்தால் கிள்ளியது. அதுவும் இளங்கொழுந்து மட்டும். நான்கு நாள் கழித்து மறுபடியும்.

எனக்குப் பட்லர்மேல் சந்தேகம் விழுந்தது. காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவர் கூடையை ஒரு துணி போட்டு மூடியிருப்பார். வெறுங்கூடைக்கு எதற்குத் துணி? அடுத்த பங்களா பட்லரோடு வேலியோரம் நின்று ஏன் குசுகுசுவென்று பேச வேண்டும்? என்னைக் கண்டதும் ஏன் பேச்சு நிற்க வேண்டும்? யோசிக்க யோசிக்க அவர் இருமுவதுகூட யாருக்கோ சைகை காட்டுவதுபோல் தோன்றியது. ராத்திரி பாதிச் சோற்றில் எழுந்து போய்ப் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். மனைவி என்னவென்று கேட்டாள். ஆடு நுழைந்ததோ என்று பார்த்தேன் என்றேன்.

ஒருநாள் அவர் வெற்றிலை போடத் திரும்பிய சமயம் பார்த்துக் கூடைத் துணியைத் தூக்கிவிட்டேன். உள்ளே இரண்டு காலிப் புட்டி, ஒரு செருப்பு.

"இன்னாபா, என் கூடையில கை வுட்டுகினு கீற?"

துணியைத் திரும்ப இழுத்து மூடினேன்.

"அறுந்துபோன செருப்பு. தைக்க எத்துகினு போறேன். வோணுமா உனுக்கு? போட்டுக்கோ" என்றார். அப்புறம் பாத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓகோ! அப்டியா சமாச்சாரம்? நீ வித்துட்டு என் தலையில கட்டப் பாக்கிறியா?"

அன்று மத்தியானமே துரைசானி பாத்தியருகே வந்து நின்றார்கள். சனிக்கிழமைக்குள் எடுத்தவனைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். பட்லர் இதைத் தமிழில் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்த்தேன். இருந்ததுபோலத்தான் எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பட்லர் கூடையோடு வெளியே போனார். பாத்திப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் காசிமேட்டிலிருந்து வரும் மீன்காரம்மா பின்பக்கக் கதவு வழியே வந்தாள். சமையற்கட்டில் மீனைக் கொடுத்துவிட்டு, காலிக் கூடையை நடைபாதையில் வைத்து, பாத்தி ஓரத்தில் சாவகாசமாக உட்கார்ந்தாள். கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

நான் எழுந்து போய், "இன்னாம்மா பண்ற?" என்றேன்.

"கண்ணு தெரில? கீரை பறிக்கிறேன்."

"அது கீரை இல்லம்மா!"

"யாரு சொன்னது? நீதான நைனா சொன்ன, கல்லுக்கீரைன்னு? கொஞ்சம் கிள்ளிக்கவான்னு கேட்டேன். மண்டய மண்டய ஆட்டின."

உண்மைதான். தை மாதத்தில் ஒருநாள் அவள் இது என்னவென்று கேட்டாள், பெயரைச் சொன்னேன். மேலே ஏதோ கேட்டாள். பெண்பிள்ளைகள் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. அவள் சீக்கிரம் போனால் போதும் என்று, காதில் சரியாக வாங்காமலே தலையை ஆட்டினேன்.

"பருப்புக்கீரை மாறி புளிப்பா கீது. சென்னாகுன்னி கருவாடு போட்டுக் கடைஞ்சா எங்கூட்டுல சட்டிய வழிச்சி நக்குதுங்க. உன் வூட்டுக்காரி வவுத்துப்புள்ளக்காரியாச்சே, அதுக்கும் நாளைக்கு ஒரு கிண்ணம் எத்துகினு வரேன்" என்றாள்.

கொழுந்து மட்டும் போயிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. பதியன் போடத் திருடுகிறவன் தண்டோடு எடுப்பான். சமைக்கிறவள்தான் கொழுந்தைக் கிள்ளுவாள். தோட்டக்காரனாகிய எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பட்லர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் செடியைப் பார்க்க மறந்தேன்.

சனிக்கிழமை துரைசானி முன்னால் போய் நின்றேன். பட்லர் பக்கத்தில் நின்றார். வேறு வழியில்லை. "நான்தான் அதைக் கீரைன்னு சொன்னேன். மீன்காரம்மா தெரியாம கிள்ளிட்டாங்க. தப்பு என்னுது" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது.

பட்லர் அதை இங்கிலீஷில் சொன்னார். நான் பேசியதைப் போல நாலு பங்கு நீளம். இடையில் ஒருதரம் பின்பக்கக் கதவைக் கை காட்டினார். ஒருதரம் மடியில் எதையோ மறைப்பதுபோல் செய்து காட்டினார். துரைசானி முகம் முதலில் சிவந்தது, அப்புறம் தணிந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

"பொயச்சிக்கின. போ, போய் வேலையப் பாரு" என்றார் பட்லர்.

"இன்னாண்ணா சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். உனுக்கு எப்பவும் டவுட்டு."

மறுநாள் மீன்காரம்மா வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த வாரமே பின்பக்கக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. மீன் கொண்டுவர வேறொரு ஆள் வந்தான். அவன் பட்லரைப் பெரியப்பா என்று கூப்பிட்டான்.

எங்களுக்கு அறை நிலைத்தது. அந்த அறையில்தான் என் மகள் பிறந்தாள். துரைசானியிடம் நேரே போய்க் கேட்க எனக்குப் பாஷை இல்லை. பட்லரை இரண்டாம் முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு ஒருதரம் காசிமேட்டுக் கரையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "வாய்யா கீரக்காரரே, என்னைக் கள்ளின்னு சொல்லிட்டு இங்க இன்னாத்துக்கு வந்த?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எதற்கு ஆட்டினேன், இல்லையென்றா, ஆமென்றா, அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது தெரியாது. நான் சொன்னது அந்த மூன்று வாக்கியம் மட்டுமே.

ஈஸ்வர வருடம், தை மாதம் எட்டாம் தேதி.